பொங்கல் தின்ற பாறு

ரேஷன் கடையில் பாக்கெட்டில் தருகிறார்களே பாமாயில், அது எந்தப் பழத்தைப் பிழிந்து வருகிறதோ அதே பழத்தைத் தின்று வாழ்கிற ஒரு பிணந்தின்னிக் கழுகு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. வகைப்படுத்தினால் கழுகு இனம், வளைந்த அலகு, கூர்நகம் எல்லாம் உண்டு. ஆனால் வளர்ந்த பறவையின் சாப்பாட்டில் பாதிக்கு மேல் எண்ணெய்ப்பனையின் பழமும் ராஃபியாப் பனையின் பழமும்தான்.

ராயகிரியில் தெருமுனை டீக்கடையில் இதை நான் பெருமையாக எடுத்துவிட்டபோது, எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இதுல என்னடே அதிசயம்? நம்ம திருக்கழுக்குன்றத்துல கழுகு சக்கரைப் பொங்கல் தின்னுச்சே. மெட்ராஸ்ல மளிகைக்கடையில நிக்கும்போது நான் போய்ப் பாத்திருக்கேன். பன்னெண்டு மணி வெயில்ல, மலை உச்சியில, ரெண்டு கழுகு.”

அவர் சொன்னது வாய்ப்பேச்சில் வந்த ஒப்பீடுதான். ஆனால் அது அவர் நினைத்ததைவிட ஆழமாகப் பொருந்துகிறது. ஆப்பிரிக்காவில் பனம்பழம் தின்னும் அந்தப் பறவையும், திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் தின்ற பறவையும் நெருங்கிய சொந்தக்காரர்கள். மரபணுவை வைத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டையும் ஒரே கிளையில் வைக்கின்றன. இமயமலையில் எலும்பை விழுங்கி வாழும் தாடிக்கழுகும் அதே குடும்பம். ஒன்று பழம், ஒன்று எலும்பு, ஒன்று பொங்கல். பந்தியில் யாரும் யாரோடும் போட்டி போடாத குடும்பம்!

ஆப்பிரிக்கச் சொந்தக்காரரை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் பாம்நட் வல்ச்சர். நான் பனம்பழப் பாறு என்று எழுதுகிறேன். உடல் வெள்ளை, சிறகில் கறுப்பு, கண்ணைச் சுற்றி மயிரில்லாத சிவந்த தோல். நீளம் இரண்டடி இருக்கும், எடை ஒன்றரைக் கிலோ. கழுகுக் கூட்டத்தில் இது சின்னப்பயல். பழத்தைக் காலில் பிடித்துக்கொண்டு அலகால் சதையை உரித்துத் தின்னும். நண்டு, மீன், தவளை கிடைத்தாலும் விடாது. செத்த உடலுக்கும் எப்போதாவது வரும். 1788ல் க்மெலின் இதற்கு அங்கோலாவின் பெயரை வைத்தார். அதன் தீனிப் பழக்கத்தைப் பற்றி 1957ல் தாம்சனும் மோரோவும் ஒரு முழுக் கட்டுரை எழுதினார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இம்டுன்சினி என்ற ஊரில் 1916ல் ராஃபியாப் பனை விதைகளைக் கொண்டுவந்து ஊன்றினார்கள். எதற்குத் தெரியுமா? சிறைச்சாலைகளுக்கு விளக்குமாறு செய்ய நார் வேண்டுமாம். விளக்குமாறு திட்டம் படுத்துவிட்டது. மரங்கள் நின்றுவிட்டன. நம் தாளிப்பனை மாதிரியே அந்தப் பனையும் ஒரேயொரு முறை பூத்துக் காய்த்துச் செத்துப்போகும் சாதி. அப்படிக் காய்த்த தோப்புக்குப் பனம்பழப் பாறுகள் வந்து கூடு கட்டின. இன்றைக்கு அந்தப் பறவையைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் அந்த ஊருக்குப் போகிறார்கள்.

இனி நம்ம கதை.

திருக்கழுக்குன்றம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மலைமேல் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர். மேலே போக ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள். ஊரின் பெயர் பழையது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம், மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். கல்வெட்டும் உண்டு. முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டியது. ஸ்கந்தசிஷ்யன் என்ற அரசன் இந்தக் கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் தொடர்ந்து காத்துவந்தார், இப்போது நாங்களும் அப்படியே காக்கிறோம் என்பது அதன் சாரம். அந்தக் கல்வெட்டிலும் ஊர்ப் பெயர் திருக்கழுக்குன்றம்தான். ஆக, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த மலையைக் கழுகோடு சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பெயர் இருப்பதாலேயே அன்றைக்கே பொங்கல் வைத்தார்கள் என்று ஆகிவிடாது. நம் ஆட்கள் இங்கேதான் சட்டென்று தாவிவிடுவார்கள். பாறை இடுக்கில் கழுகு கூடு கட்டியிருந்தால் அந்தக் குன்றுக்குக் கழுகுக் குன்றம் என்று பெயர் வர அதுவே போதும். முதலில் பறவை இருந்தது, பிறகு பெயர் வந்தது, பிறகு கதை வந்தது, கதைக்குப் பிறகு பொங்கல் வந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கதை இது. சிவனிடம் சாபம் வாங்கிய எட்டு முனிவர்கள் கழுகாகப் பிறந்தார்கள். யுகத்துக்கு இரண்டு பேராகச் சாபம் தீர்ந்து போகிறார்கள். திரேதாயுகத்து ஜோடிதான் சம்பாதியும் ஜடாயுவும். மிச்சம் இருக்கிற கலியுகத்து ஜோடி மலைக்கு வந்துபோகிறது. காலையில் காசியில் கங்கைக் குளியல், மதியம் திருக்கழுக்குன்றத்தில் சாப்பாடு, சாயங்காலம் ராமேஸ்வரம், ராத்திரி தங்கல் சிதம்பரம். சொல்லுகிற ஆளுக்கு ஏற்ப இந்தக் கால அட்டவணை கொஞ்சம் மாறும். ஆனால் காசியும் மதியச் சாப்பாடும் மாறாது. காசியிலிருந்து இந்த மலைக்கு நேர்க்கோட்டில் 1,400 கிலோமீட்டருக்கு மேல். முனிவர்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

மதியம் ஆகும்போது பூசை செய்பவர் ஒருவர் பாத்திரத்தோடு பாறைக்குப் போவார். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த பொங்கல். தட்டித் தட்டிக் கூப்பிடுவார். சனங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கித் தத்தித்தத்தி நடந்துவந்து தின்றுவிட்டுப் போகும். வந்தால் கும்பிடு. வராவிட்டால் அதற்கும் பதில் தயார்: கூட்டத்தில் பாவி எவனோ இருக்கிறான். என் பெரியப்பா போன முதல் தடவை பறவை வரவில்லையாம். “எல்லாரும் பக்கத்துல இருக்கிறவன் மூஞ்சியப் பாக்காம். எனக்கு உள்ளுக்குள்ள திக்குனு ஆயிட்டு” என்றார். கடையில் கல்லாவில் கைவைத்த ஞாபகம் ஏதும் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்களும் இந்த மலைக்கு ரொம்ப நாளாகவே வந்துபோயிருக்கிறார்கள். மலையில் ஒரே கல்லைக் குடைந்து செய்த பல்லவர் காலத்து ஒருக்கல் மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. சுற்றுலா போன இடத்தில் பெயர் செதுக்குகிற வியாதி நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

அந்தப் பறவையின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் கழுகு என்ற ஒரே சொல்லால் வேட்டையாடித் தின்பதையும் பிணம் தின்பதையும் சேர்த்தே கூப்பிட்டுவிடுகிறோம். சங்கப் பாடல்களில் இந்தக் குழப்பம் குறைவு. எருவை, பாறு, பருந்து என்று தனித்தனிப் பெயர்கள் போர்க்களங்களில் இறங்குகின்றன. இப்போது பறவை பார்ப்பவர்கள் பாறு என்ற சொல்லைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் திருக்கழுக்குன்றத்துப் பறவை மஞ்சள்முகப் பாறு. உலகம் அதை எகிப்தியக் கழுகு என்கிறது.

எகிப்து என்ற பெயரைக் கேட்டு வேற்றூர்ப் பறவை என்று நினைத்துவிட வேண்டாம். நம் பக்கத்தில் இருக்கும் உள்வகைக்கு அறிவியல் பெயர் செஞ்சியிலிருந்து வந்தது! செஞ்சிக்கோட்டை இருக்கிறதே, அதே செஞ்சி. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் சோனரா 1782ல் வெளியிட்ட பயண நூலில் இதைச் செஞ்சிக் கழுகு என்று எழுதினார். லேத்தம் 1790ல் அதை லத்தீனாக்கி ‘ஜிஞ்சினியானஸ்’ என்று வைத்துவிட்டார். மற்ற தேசத்து எகிப்தியக் கழுகுக்கு அலகு நுனி கறுத்திருக்கும், நம்ம ஊர் வகைக்கு முழுக்க மஞ்சள். உலகப் பறவைப் பட்டியலில் ஒரு தமிழ் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பது திருக்கழுக்குன்றத்துக்குப் போகிற பல பேருக்குத் தெரியாது.

சரி, பிணம் தின்னும் பறவை ஏன் பொங்கல் தின்றது?

பக்தர்கள் சொன்ன பதில், அது முனிவர், அதனால் சைவம். பறவையைப் பார்த்தவர்களின் பதில் கொஞ்சம் நாறும். மஞ்சள்முகப் பாறு எதையும் தின்னும். செத்த மாட்டில் பெரிய பாறுகள் தின்றுவிட்டுப் போன மிச்சம், குப்பைமேடு, புழு, முட்டை. ஆப்பிரிக்காவில் நெருப்புக்கோழி முட்டையை உடைக்க அலகில் கல்லைத் தூக்கி எறிவதை ஜேன் குடாலும் ஹூகோ வான் லாவிக்கும் 1966ல் எழுதினார்கள். கருவி பயன்படுத்தும் பறவை என்று அப்போது பெரிய பேச்சு. அதைவிட முக்கியமானது சாணம். மாடு ஆடுகளின் சாணத்தை இது விரும்பித் தின்கிறது. அதில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள்தான் முகத்தின் மஞ்சளுக்குக் காரணம் என்று ஸ்பெயினில் செய்த ஆய்வு 2002ல் வந்தது. பளிச்சென்ற மஞ்சள் முகம் என்றால் அந்தப் பறவை நிறைய சாணம் தின்றிருக்கிறது என்று அர்த்தம். மலை உச்சியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்ட முகம் அது.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இரண்டுமே உண்மை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் சாணம், மதியம் நெய்ப் பொங்கல். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஆபத்தில்லாத ஆட்கள், கொழுப்பும் இனிப்புமான தீனி என்றால் எந்தப் பறவை வராது? நம் வீட்டு மொட்டைமாடிக்குக் காக்கா நேரம் தப்பாமல் வருவதில்லையா?

ஆனால் கதை ஒன்றைச் சரியாகவே கவனித்திருக்கிறது. இரண்டு பறவை என்பது. மஞ்சள்முகப் பாறுகள் ஜோடியாகப் பாறை இடுக்கில் கூடு கட்டி, சுற்றியுள்ள இடத்தைத் தங்களுடையதாக வைத்துக்கொள்பவை. அந்த மலை ஒரு ஜோடிக்கான மலை. ஜோடியில் ஒன்று செத்தால் துணையில்லாமல் திரியும் இன்னொன்று வந்து அந்த இடத்தை நிரப்பும். காட்டில் இந்தப் பறவை இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரை இருந்ததாகப் பதிவு உண்டு. கூண்டில் வைத்துப் பார்த்ததில் முப்பத்தேழு வரை போயிருக்கிறது. நூறு வருஷத்தில் குறைந்தது நாலைந்து ஜோடி மாறியிருக்க வேண்டும். கும்பிட்ட கண்ணுக்கு அவை எப்போதும் அதே இரண்டு முனிவர்கள்.

1977ல் இந்தப் பறவைகளைப் பற்றி இரண்டு பேர் பறவை பார்ப்பவர்களுக்கான ஒரு செய்திமடலில் எழுதினார்கள். ஒருவர் கேரளத்தின் கே. கே. நீலகண்டன், மலையாளத்தில் இந்துசூடன் என்ற பெயரில் பறவைகளைப் பற்றி எழுதியவர். இன்னொருவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி. சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். கோலத்தின் கணக்கு, சிந்துவெளி எழுத்து, பழைய கல்வெட்டு என்று எதையும் விடாதவர். எண்ணுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்த மலையைக் கவனித்தது நம் அதிர்ஷ்டம். அவர்கள் எழுதிய காலத்தில் பறவைகள் வந்துகொண்டிருந்தன. அப்போது அந்தப் பறவை அழிந்துபோகும் என்று எவரும் கவலைப்பட வேண்டிய நிலையும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ராயகிரியில் மேற்கே பார்த்தால் மலை, சுற்றிலும் குளமும் வயலும் தோப்பும். மாடு செத்தால் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்கள், வானத்திலிருந்து கும்பலாக இறங்கும் என்று அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவை பெரிய பாறுகள், வெண்முதுகுப் பாறாக இருக்கலாம். ஓரமாக நின்று மிச்சத்துக்குக் காத்திருக்கும் வெள்ளைப் பறவையையும் சிலர் சொல்கிறார்கள். “அது பாவம், கடைசிப் பந்தி” என்றார் ஒரு பாட்டி.

1990களில் மாட்டுக்கு வலி, காய்ச்சல், மடிவீக்கம் என்றால் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது பரவியது. மலிவு, உடனே கேட்கும். ஊசி போட்ட மாடு பிழைத்தால் பிரச்சினை இல்லை. சில நாளில் செத்துவிட்டால் மருந்து உடலில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் வெளியேற முடியாமல் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்துவிடும். பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்து 2004ல் இதைக் கண்டுபிடித்தார்கள். நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவான உடலில் மருந்து இருந்தாலே ஓர் இனம் சரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு மாட்டில் பாறுகள் கும்பலாக உட்காருவதால் வரும் வினை இது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் காணாமல்போனது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது.

மஞ்சள்முகப் பாறும் கூடவே சரிந்தது. 1999க்குப் பிறகு இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்ற வேகத்தில். 2007ல் அதை உலகளவில் அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். பெரிய பாறுகளுக்கு நிரூபித்ததுபோல் இதற்கும் இந்த மருந்துதான் என்று நேராக நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரே பிணம், ஒரே காலம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததற்கும் அதே விஷச் சாப்பாடுதான் கிடைத்திருக்கும் என்பது என் முடிவு.

திருக்கழுக்குன்றத்துக்குப் பறவைகள் வருவது 1990களின் பிற்பகுதியில் நின்றுபோனது. 1998 என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பன்னிரண்டு மணிக்குப் பொங்கல் இருந்தது, தின்ன ஆள் இல்லை.

அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கலி முற்றிவிட்டது, பாவம் பெருகிவிட்டது, சாபம் தீர்ந்து முனிவர்கள் கைலாசம் போய்விட்டார்கள் என்றார்கள். இன்றும் அந்தப் பக்கம் யாரிடம் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்று வரும். பறவை வராததற்கு ஏற்கனவே ஒரு விளக்கம் தயாராக இருந்த ஊர் அது. ஒருநாள் வராததற்குச் சொன்ன அதே விளக்கத்தை ஒரேயடியாக வராததற்கும் போட்டுக்கொள்ள முடிந்தது. இந்தியாவில் வேறெந்த மஞ்சள்முகப் பாறு ஜோடியையும் இப்படித் தினமும், ஒரே நேரத்தில், நூற்றுக்கணக்கான கண்கள் பார்த்திருக்காது. அப்படிப் பார்த்த இடத்தில்கூட ஏன் நின்றது என்று விசாரிக்கத் தோன்றவில்லை. ஜோடி மாறியபோது ‘அதே இரண்டு’ என்று சொன்ன கதை, மாற்றுக்கு வர ஒரு பறவையும் மிச்சமில்லாமல்போனதைக் கவனிக்க விடவில்லை. பழைய வேதகிரிப் பாறுகள் செத்ததை யாரும் துக்கம் கொண்டாடியதில்லை, ஏனென்றால் அவை சாகவே இல்லை.

நம் மண்ணில் கழுகின் சாவுக்குத் துக்கம் கொண்டாடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. புள்ளிருக்குவேளூர் என்று பழைய பெயர் உள்ள வைத்தீஸ்வரன்கோயிலில் புள் என்பது ஜடாயு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழி, ராமன் ஜடாயுவைப் புதைத்த குழி என்று பெயரே சொல்கிறது. திருநெல்வேலி அருகன்குளத்தில் தாமிரபரணிக் கரையில் ஜடாயு தீர்த்தம். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்பன் ஆத்தாளுக்குத் திதி கொடுக்கப் போகிற துறை. செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் கேரளத்தில் சடையமங்கலம், அங்கே ஜடாயுவுக்குப் பாறைமேல் பெரிய சிலையே எழுப்பியிருக்கிறார்கள். கடவுளின் கையால் கொள்ளி வாங்கிய பறவை என்று ஒன்றைக் கொண்டாடும் அதே ஊர்களுக்கு மேலே, 1990களில் வானம் காலியானது.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்திய அரசு 2006ல் தடை செய்தது. மனுசனுக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015ல் அந்தப் பெரிய பாட்டிலையும் நிறுத்தினார்கள். அப்புறம் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அதே வேலையைச் செய்வது தெரிந்து, 2023ல் அவற்றையும் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குக் கேடில்லை என்று 2006லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது பாறுகளுக்கு மிச்சமிருக்கும் பெரிய இடம் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய முதுமலை, சத்தியமங்கலம் காடுகளும்தான். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு மூன்றோடும் மஞ்சள்முகப் பாறும் அங்கே கொஞ்சம் இருக்கிறது. அங்கே அவற்றுக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை. காட்டில் புலியும் செந்நாயும் அடித்துப்போட்ட மானையும் காட்டெருமையையும், காடோரத்து ஊர்களில் செத்த மாடுகளையும் நம்பி வாழ்கின்றன. மானுக்கு எவரும் ஊசி போடுவதில்லை. மாட்டுக்குப் போடுவது எந்த ஊசி என்பது இன்னும் அந்தந்த ஊர் மருந்துக்கடையில்தான் முடிவாகிறது.